சம்பளமில்லா டெஸ்ட் ரைடர்

நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் என்று எவன் சொன்னான்? மோட்டார் சைக்கிள் கம்பெனிகள் தினமும் ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. பதவி: டெஸ்ட் ரைடர். தகுதி: மாதத் தவணை கட்டத் தெரிந்தால் போதும். சம்பளம்: ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை, அதை நீங்கள்தான் கட்ட வேண்டும். பணி ஆணையை ஷோரூமில் மாலை போட்டு, கைதட்டி, போட்டோ எடுத்து, சாவியோடு கையில் கொடுப்பார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, கம்பெனியும் சோதிக்கத்தான் செய்கிறது. புது எஞ்சினை டைனமோமீட்டரில் பூட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க முறுக்கி, நாள் கணக்கில் அலறவிடுகிறார்கள். பிறகு உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளை ஸ்டிக்கர் சுற்றி, ஓசூர் பக்கமும் ஒரகடம் பக்கமும் நெடுஞ்சாலையில் விரட்டுகிறார்கள். இதுவரை பழுதில்லை. அடுத்து வருவது சான்றிதழ்; கூத்து அங்கேதான் தொடங்குகிறது.

பிஎஸ் 6 புகை விதிக்கு உட்பட்ட வண்டிக்கு, புகையையும் மைலேஜையும் அளக்க டபிள்யூஎம்டிசி என்றொரு உலகத் தரச் சோதனை உண்டு. வண்டியை உருளைமேல் நிறுத்துவார்கள். சக்கரம் சுழலும், வண்டி நகராது. அறைச் சூடு 20 முதல் 30 டிகிரிக்குள். ஓட்டுபவர் எடை சுமார் 75 கிலோ. எரிபொருள் சோதனைக்கென்றே தயாரித்தது. எதிரே ஒரு ராட்சத மின்விசிறி, எஞ்சினுக்கு வியர்க்காமல் வீசிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கட்டமும் 600 விநாடி. சின்ன வண்டியாக இருந்தால் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டிய தொல்லையும் இல்லை.

இதே வண்டி மே மாத மத்தியானம் கோயம்பேடு சிக்னலில் நிற்கிறது. பின்னால் மனைவி, நடுவில் மகள், டேங்க் மேல் மகன், ஹாண்டிலில் இரண்டு பை. எதிரே மின்விசிறியைக் காணோம். மாநகரப் பேருந்தின் சைலன்சர்தான் இருக்கிறது. மைலேஜ் குறைகிறதே என்று கேட்டுப் பாருங்கள். “நீங்க ஓட்டுற விதம் சார்” என்பார்கள். தப்புதான். 75 கிலோ ஒற்றை ஆளாக, குளிர்ந்த அறைக்குள், நகராமல் ஓட்டாதது நம்முடைய குற்றமே.

ஐரோப்பாக்காரன் நம்மைவிடச் சொகுசுப் பேர்வழி. வேகமான பைக் 35,000 கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த பிறகும் அதன் புகை கட்டுக்குள் இருக்கும் என்று யூரோ 5 விதிப்படி நிரூபிக்க வேண்டும். ஓட்டிக் காட்டலாம். நேரமில்லையா, புது வண்டியின் புகை அளவை 1.3-ஆல் பெருக்கிக் காட்டினாலே போதும் என்று இருந்தது. 35,000 கிலோமீட்டரை நாற்காலியை விட்டு எழாமல் கடந்த ஒரே ரைடர், கால்குலேட்டர்தான். யூரோ 5 பிளஸ் வந்த பிறகுதான் அதன் உரிமத்தைப் பிடுங்கினார்கள்.

ஒழுக்கத்துக்குப் பேர்போன ஜப்பானிலும் 2024 ஜூனில் சாயம் வெளுத்தது. டொயோட்டா, மஸ்டா, ஹோண்டா, யமஹா, சுசுகி என ஐந்து நிறுவனங்களின் சான்றிதழ்ச் சோதனைகளில் முறைகேடு இருந்ததாக அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சகமே அறிவித்தது. யமஹா ஒய்இசட்எஃப்-ஆர்1 பைக்கின் ஒலிச் சோதனையும் அந்தப் பட்டியலில் இருந்தது.

இப்படித் தேறி வந்த எஞ்சினுக்கு அப்புறம்தான் ராஜயோகம். ராயல் என்ஃபீல்டின் 349 சிசி ஜே சீரிஸ் எஞ்சினைப் பாருங்கள். 2020-இல் மீட்டியார், 2021-இல் கிளாசிக், 2022-இல் ஹண்டர், 2023-இல் புல்லட், 2024-இல் கோவன் கிளாசிக். பழைய படங்களில் இரட்டை வேடக் கதாநாயகன் கன்னத்தில் மச்சம் வைத்தால் அண்ணன், எடுத்தால் தம்பி, அதே கதைதான். ஹீரோவின் 97.2 சிசி எஞ்சினும் ஸ்ப்ளெண்டர், பேஷன், எச்எஃப் டீலக்ஸ் என்று மூன்று வேஷம் கட்டுகிறது. ஒரே எஞ்சினைப் பல வண்டிக்கு வைப்பது பாவமில்லை. செலவு குறையும், ஸ்பேர் சுலபமாகக் கிடைக்கும், மெக்கானிக்குக் கை பழகும். ஆனால் ஒவ்வொரு முறையும் மேடை போட்டு, புகை விட்டு, “முற்றிலும் புதியது” என்று முழங்குகிறீர்களே, அந்த வாயை எதில் கழுவுவது?

பொதுவாக வைத்த உறுப்பில் கோளாறு வந்தால் அதுவும் பொதுச் சொத்து. 2021 மே மாதம் இக்னிஷன் காயில் குறைபாட்டுக்காக ராயல் என்ஃபீல்டு திரும்ப அழைத்த வண்டிகள் 2,36,966. மீட்டியார், கிளாசிக், புல்லட் மூன்றிலும் அதே காயில். தானாக முன்வந்து சொன்னார்கள், அதற்கு ஒரு கும்பிடு. சொல்லாதவர்களை என்ன செய்வது?

அவர்கள் பேசும் மொழியைக் கேட்க எந்த சர்வீஸ் சென்டருக்கும் போகலாம். எஞ்சினுக்குள் யாரோ கரண்டியால் தட்டுவதுபோல் சத்தம் வருகிறது என்பீர்கள். அட்வைசர் ஜாப் கார்டிலிருந்து தலை நிமிராமல், “இந்த மாடலுக்கு அது நார்மல் சார், எல்லா வண்டியிலயும் வருது” என்பார். ஆறுதலாகச் சொல்கிறார், நீதிமன்றத்தில் இதற்கு ஒப்புதல் வாக்குமூலம் என்று பெயர். அடுத்த லாட்டில் அந்தப் பாகம் ஓசையில்லாமல் மாறும். பார்ட் நம்பரின் வாலில் ஓர் எழுத்து கூடும். முதல் லாட் வாங்கியவனுக்கோ வாரண்டி முடிந்த மறுவாரம் எஞ்சின் இறங்கும். திருத்திய பாகத்தை அவனே காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்வான். அவன் உணவு டெலிவரி செய்கிறவனாக இருந்தால், வண்டி ஷெட்டில் கிடக்கும் நாளெல்லாம் அடுப்பும் ஷெட்டில்தான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 110-ஏ பிரிவின்படி, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற அரசு உத்தரவிடலாம். ஆனால் அந்தக் குறை சுற்றுச்சூழலுக்கோ மனிதருக்கோ தீங்கு செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். உங்கள் பர்ஸை மட்டும் கொல்லும் எஞ்சின், சட்டத்தின் கண்ணில் சாது.

அரசு மட்டும் சோதிக்காமல் இருக்குமா? 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற உதிரிபாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலில். இன்றோ பங்க்குகளில் அதுதான் ஓடுகிறது. 2015-இல் வாங்கிய வண்டிக்கும் அதே பானம். இரு சக்கர வண்டிகளில் 3 முதல் 4 விழுக்காடு மைலேஜ் குறையும் என்று 2021-லேயே எழுதி வைத்தது நிதி ஆயோக். எழுதியவர்கள் அதற்கு ஈடாக விலையைக் குறைக்கவும் சொன்னார்கள்; யாராவது குறைத்தார்களா? எலியை வைத்துச் சோதிக்க வேண்டுமென்றால் இந்த நாட்டில் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். எலிக்குத் தீனியும் இலவசம். நாம்தான் தீனியையும் காசு கொடுத்து வாங்கும் ஜாதி.

ஆகவே கனவான்களே, எத்தனை கிலோமீட்டர், எந்த வெயிலில், எவ்வளவு பாரத்தோடு சோதித்தீர்கள் என்பதை விலைப் பட்டியலிலேயே அச்சிடுங்கள். எந்தப் பாகத்தைத் திருத்தினாலும் முதல் லாட் வாங்கியவனைக் கூப்பிட்டு இலவசமாக மாட்டுங்கள். அவனுடைய போன் நம்பர் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தீபாவளி எக்ஸ்சேஞ்ச் ஆஃபர், இன்ஷூரன்ஸ் புதுப்பிப்பு, பாலிஷ் பேக்கேஜ் எல்லாவற்றுக்கும் அந்த நம்பருக்குத்தானே நாள் தவறாமல் குறுஞ்செய்தி அனுப்புகிறீர்கள்!