மாமியார் வீடு தள்ளிப்போன கதை

இருபத்திரண்டு வருஷமாக ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சதவீதக் கணக்கு நடத்துகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடுவில் தெரியவந்தால் இன்னும் கேவலம்.

போன ஐப்பசியில் என் பழைய ஸ்விஃப்ட் காரின் முன் டயர்கள் இரண்டும் பட்டன் தேய்ந்து மொட்டையாகிவிட்டன. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அந்த டயரை ஓட்டக்கூடாது என்பது சட்டம். ஏற்காட்டு மலையில் உள்ள வாழவந்தியில் குடியிருந்துகொண்டு, மழைநாளில் மொட்டை டயரோடு குப்பனூர் பாதையில் இறங்குவதற்குச் சட்டத்தைவிடத் தைரியம் அதிகம் வேண்டும். அது எனக்கு இல்லை. சேலத்துக்குப் போனேன்.

கடைப் பையன் கேட்டான்: "என்ன சைசுங்க சார்?"

"நூத்தி அறுபத்தஞ்சு, பதினாலு" என்றேன், வாய்பாடு ஒப்பிக்கிற குரலில்.

"நடுவுல?"

நடுவில் ஒரு எண் உண்டு என்பது தெரியும். அது ஏதோ கம்பெனி நம்பர் என்று பல வருஷமாக நினைத்திருந்தேன். "அகலமும் ரிம்மும் சரியா இருந்தாப் போதும்ப்பா" என்று சொல்லிவிட்டேன். அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். நான் அவனை வகுப்பில் பார்க்கிற மாதிரி பார்த்தேன். போட்டுவிட்டான்.

எனக்கு ஜாக்கிரதை இல்லை என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. டயர் பக்கவாட்டில், எப்போது செய்தது என்று நான்கு இலக்கத்தில் பொடியாக அச்சடித்திருப்பார்கள். முதல் இரண்டு இலக்கம் வாரத்தைக் குறிக்கும், அடுத்த இரண்டு வருஷத்தை. கண்ணாடியைக் கழற்றி, குனிந்து, அதைப் படித்துச் சரிபார்த்தேன். பழைய சரக்கை என் தலையில் கட்ட முடியாது அல்லவா? அதே பக்கவாட்டில் கட்டைவிரல் பருமனில் எழுதியிருந்த சைஸைத்தான் படிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை என் வாழ்க்கையின் பொற்காலம். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த கார், 16.9 கொடுக்க ஆரம்பித்தது. டேங்கை நிரப்பி, மீட்டரைக் குறித்து, மறுபடி நிரப்பி, மூன்று தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ 17! ஆசிரியர் அறையில் உருளல் தடையைப் பற்றி அரைமணி நேரம் சொற்பொழிவு நிகழ்த்தினேன். கரும்பலகை இல்லாததால் செய்தித்தாள் ஓரத்தில் படம் போட்டேன். இதே காரை வைத்திருக்கும் அறிவியல் ஆசிரியர் மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அவரைப் பற்றிப் பிறகு.

முதலில் சந்தேகப்பட்டது என் மனைவி. சேலத்திலிருந்து வாழவந்திக்கு வாழ வந்தவள். தாய்வீட்டுத் தூரம் அவளுக்கு மனப்பாடம்.

"ஏங்க, எங்கம்மா வீடு இங்கிருந்து 40 கிலோமீட்டர்தானே? இப்ப 42 காட்டுது. எங்கம்மா வீடு தள்ளிப் போயிருச்சா?"

"வளைவுல நீ அகலமா ஒடிக்கச் சொல்றே இல்ல, அதுல கூடியிருக்கும்" என்றேன்.

இன்னொரு நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "வண்டி மூக்கு குனிஞ்ச மாதிரி இருக்குதே" என்றாள். "மலையில நிக்குது, குனியாம என்ன செய்யும்?" என்றேன். எங்கள் ஊரில் ஒரு காரைச் சமதளத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றால் சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும். அந்தச் சாக்கு எனக்கு இரண்டு மாதம் ஓடியது. வேகத்தடைகளில் அடிவயிறு உரசியதற்கு நெடுஞ்சாலைத் துறையைத் திட்டிக்கொண்டேன். பின்னால் ஹாரன் அடித்தவர்களைத் திட்டியதும் உண்டு. 40-ல் போகிறேனே, மலைப்பாதையில் இதற்குமேல் என்ன அவசரம்? முள்தான் 40 காட்டியது. வண்டி 38-ல்தான் போயிருக்கிறது.

மார்கழியில் ஒரு சாயங்காலம், குப்பனூரிலிருந்து ஏறும்போது இடது முன் டயரில் ஆணி. காப்பிப் பழம் பறித்துவிட்டு வரும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு எஸ்டேட் ஜீப் வந்தது. ஓட்டுநர் இறங்கி, நான் ஜாக்கியோடு மல்லுக்கட்டும் அழகைச் சற்று நேரம் பார்த்தார். பொறுக்க முடியாமல் தானே வாங்கிக்கொண்டார். ஸ்டெப்னியை எடுத்து நிமிர்த்தியவர் நின்றுவிட்டார்.

"சார், இது எந்த வண்டி ஸ்டெப்னிங்க?"

"இதே வண்டியோடதுதான்."

"பெருசா இருக்குதுங்களே."

"ஓடாமலே கெடந்தது, தேயல. அதான் பெருசாத் தெரியுது."

"இதுவும் புதுசுதானுங்களே சார்" என்றார், கழற்றிய டயரைக் காட்டி. மரியாதை சற்றும் குறையாத குரல். ஜீப்புக்குள் யாரோ சிரித்தார்கள்.

செல்போன் வெளிச்சத்தில் இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தேன். ஸ்டெப்னி: 165/80 ஆர் 14. என் புதுப் பெருமை: 165/70 ஆர் 14. அந்த நடு எண் சதவீதம். டயரின் அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 165-ல் 80 சதவீதம் 132 மில்லிமீட்டர், 70 சதவீதம் 115.5. மேலும் கீழும் சேர்த்தால் டயர் 33 மில்லிமீட்டர் குட்டை. ஒரு சுற்றுக்குப் பத்து சென்டிமீட்டர் குறைவாக உருள்கிறது. மீட்டருக்குத் தூரம் தெரியாது, சுற்றுகளைத்தான் எண்ணும். அது 100-ஐ 105.6 என்று காட்டிக்கொண்டிருந்தது. என் 16 எப்போதும் 16-ஆகவேதான் இருந்தது. மாமியார் வீடும் இருந்த இடத்திலேயே இருந்தது. இதை ஏழாம் வகுப்பில் கேட்டிருந்தால் இரண்டு மதிப்பெண் கேள்வி. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் சரியான சைஸ் ஒட்டியிருக்கிறது என்பதையும் ஜீப்காரர்தான் காட்டினார். அந்தக் கதவை நான் ஒரு நாளைக்கு நாலு தடவை திறக்கிறேன்.

ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் உபரிச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்துக் கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமலேதான் வந்தன. பெயர் அங்கே மறைந்து, நம்மிடம் தங்கிவிட்டது. அந்தச் சகோதரர்கள் பஞ்சருக்காக யோசித்தார்கள். என்னைப் போன்றவர்களுக்குச் சாட்சியாக நிற்கவும் அது உதவும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

வலது குட்டை, இடது நெட்டை. வண்டி வீடு வரை வலப்பக்கமே இழுத்துக்கொண்டு, நொண்டி நொண்டிப் போனது. மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டு, "இல்லம்மா, அங்கயேதான் இருக்கீங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுபடி அதே கடை, அதே பையன். ஓடிய டயரைப் புது விலைக்கு எடுக்க முடியாது, பாதிக்குத்தான் என்றான். நியாயம். மீட்டர்படி அவை 2,112 கிலோமீட்டர் ஓடியிருந்தன. உண்மையில் 2,000-தான். அந்த 112-க்கு ஏதாவது சேர்த்துக் கொடுப்பானா என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். "நடுவுல எண்பதுங்க சார்" என்று அவனே சொல்லிவிட்டு, அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் செய்து அனுப்பினான்.

இனி அறிவியல் ஆசிரியர். என் சொற்பொழிவைக் கேட்ட மறுவாரமே, "கணக்கு வாத்தியார் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று நான்கு டயரையும் எழுபதிலேயே மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். நான்கும் ஒரே அளவு என்பதால் அவர் வண்டிக்கு மூக்கு குனியவில்லை. ஆணியும் குத்தவில்லை. நேற்று என் மைலேஜை விசாரித்தார். 16 என்றேன்.

"என்ன சார் திடீர்னு குறைஞ்சிருச்சு? இன்ஜின்ல ஏதோ கோளாறு, காட்டிருங்க. என்னுது இன்னும் பதினேழு."

தலையாட்டினேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் ஆசிரியர் அறைக்கு இந்தப் பத்திரிகை வருகிறது. வந்ததும் முதலில் பிரிப்பவர் அவர்தான்.