புலி படித்த பையன்

சூழலியல் முதுகலையில் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பையன் புலியோடு புழங்கப் போகிறான் என்று தெருவே நம்பியது. முதல் பருவம் முழுக்க ஒரு மீட்டர் கயிற்றுச் சதுரத்துக்குள் புல் எண்ணினான். பிறகு புலியின் கழிவு. காய்ந்ததா ஈரமா என்பதில் இப்போது அவனுக்குப் பெரும்புலமை. அப்புறம் தானியங்கிக் கேமராப் படங்களை எக்செலில் ஏற்றினான்: பெரும்பாலும் மாடு, காற்றில் ஆடிய கிளை, விறகு பொறுக்கப் போன பாட்டி.

பள்ளிக்கரணைக்கும் கூட்டிப்போனார்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் ஏறிய சதுப்புநிலம். ஒருபுறம் குப்பைமேடு, மறுபுறம் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவே பூநாரை. “இதுல பாதுகாக்கப்பட்டது எது சார்?” என்று கேட்டானாம். மதிப்பெண் குறையாதது அதிசயம்தான்.

பட்டம் வாங்கிவிட்டான். அவன் அம்மாதான் இன்னும் விசாரிக்கிறார்: “ஏன்டா, இதைப் படிச்சவன் பேங்க் எக்ஸாம் எழுதலாமா?”