வெள்ளி விழாவுக்கு வாரா நண்பர்கள்: ஒரு நியூ ஜெர்சிக் கடிதம்

கிண்டி பொறியியல் கல்லூரியில் 2001ஆம் ஆண்டு இயந்திரவியல் முடித்து, சென்னையிலேயே தங்கிவிட்ட வகுப்புத் தோழர்களின் மேலான பார்வைக்கு:

வரும் டிசம்பரில் கல்லூரி வளாகத்தில் நடைபெறவிருக்கும் வெள்ளி விழாச் சந்திப்புக்குக் கட்டாயம் வருவதாக வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் தெரிவித்த அமெரிக்கவாழ் தோழர்களுள் பெரும்பாலோர் வரமாட்டார்கள் என்பதையும், அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதையும் ஒருசேர விளக்குவதே இக்கடிதத்தின் நோக்கமாகும். வாக்களித்த நேரத்தில் அவர்கள் உண்மையாகவே வருவதாக இருந்தனர். ஆசைக்கும் விமானச் சீட்டுக்கும் இடையே எத்தனை அலுவலகங்கள் குறுக்கிடுகின்றன என்பது ஊரிலிருப்போர்க்கு எளிதில் புலப்படுவதில்லை.

குறுக்கிடுவனவற்றுள் தலையாயது விசா. எச்-1பி என்பது, 1990ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்வழி வந்த, ஒரு நிறுவனத்தைச் சார்ந்து மும்மூன்று ஆண்டுகளாகப் பொதுவில் ஆறாண்டு வரை செல்லும் தற்காலிக வேலை அனுமதி. அதற்கு மேலும் தங்க விரும்புவோர் கிரீன் கார்டு எனப்படும் நிரந்தர வசிப்புரிமைக்கான வரிசையில் நின்றாக வேண்டும். எந்த ஒரு நாட்டில் பிறந்தோர்க்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்கு மேல் கார்டு வழங்கலாகாது என்னும் உச்சவரம்பு சின்னஞ்சிறு தீவுக்கும் இந்தியாவுக்கும் ஒன்றே ஆகையால், அவ்வரிசை பத்தாண்டையும் கடந்து நீள்கிறது. எத்தேதிக்கு முன் விண்ணப்பித்தோரின் முறை வந்துள்ளது என்பதை வெளியுறவுத் துறை மாதந்தோறும் அறிவிக்க, அத்தேதி சில மாதம் முன்னேறியும் சில மாதம் அசையாமலும் சில மாதம் பின்னோக்கியும் செல்கிறது. காலம் பின்னோக்கிச் செல்லாது என்று வெப்ப இயக்கவியல் வகுப்பில் கற்றவர்களும், அப்பாடத்தில் அரியர் வைத்து, அதாவது தேறாமல் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போட்டு, இருமுறை கற்றவர்களும் இதனைக் கண்டு ஒரே அளவில் திகைக்கின்றனர். சிலருக்குக் கார்டு வருமுன் பிள்ளையின் 21ஆம் பிறந்தநாள் வந்துவிடுகிறது. அதன்பின் அப்பிள்ளை பெற்றோரின் விசாவைச் சார்ந்திருக்க முடியாது என்பது மட்டும் நகைப்புக்கு உரியதன்று. இவ்வரிசையில் நிற்கும் தோழர், பாஸ்போர்ட்டில் ஒட்டப்பட்ட விசாவின் காலம் முடிந்த நிலையில் இந்தியா வந்தால், திரும்பிச் செல்ல அண்ணா சாலையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் புதிய விசா பெற வேண்டும். அதற்கான நேர்காணல் நாள் விழாவுக்குப் பின், பல வேளைகளில் வேலை போனதற்கும் பின், அமையக்கூடும்.

கார்டு பெற்றோர்க்கு இத்தடை இல்லை. அவர்களுக்கு விடுப்பே தடை. இரண்டு மூன்று வாரத்தில் மாமியார் வீடு, குலதெய்வம், தந்தையின் கண்புரை அறுவை, பட்டா மாற்றம், பல் மருத்துவர் (அமெரிக்க மருத்துவக் காப்பீட்டில் பல் பெரும்பாலும் உடலுறுப்பாகக் கருதப்படுவதில்லை) ஆகிய யாவும் தத்தம் பங்கைப் பெற்றபின் வகுப்புத் தோழர்களுக்கு எஞ்சுவது ஒரு மாலைப்பொழுது, அதுவும் மனைவியின் சித்தி மகனுக்குத் திருமண வரவேற்பு இல்லாதிருப்பின்.

எனவே சந்திப்பு திரையிலேயே நிகழ்ந்து வருகிறது. நியூ ஜெர்சியின் சனிக்கிழமை இரவு 9 மணி குளிர்காலத்தில் சென்னையின் ஞாயிறு காலை 7.30 ஆகும், மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அமெரிக்கக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னகர்த்தப்படுவதால் அதுவே 6.30 ஆகிவிடுகிறது. இதனை நினைவிற்கொள்ளாத சென்னைத் தோழர் ஒருவர் மார்ச்சில் எல்லோரும் விடைபெறும் வேளையில் வந்து சேர்வதும், நவம்பரில் ஒரு மணி நேரம் தம் முகத்தைத் தாமே பார்த்தபடி அமர்ந்திருப்பதும் ஆண்டு வழக்கமாகிவிட்டன. பேசுபொருளும் எச்பிஏ1சியாக மாறிவிட்டது. எச்பிஏ1சி என்பது ஏறத்தாழ மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் இரத்தச் சோதனை, 6.5ஐத் தொட்டால் நீரிழிவு என்பதால் தாழ்ந்த மதிப்பெண்ணே இன்று பெருமைக்குரியதாகிவிட, அன்று வகுப்பில் முதல்வராக விளங்கியவர் இன்றும் 8.1 பெற்று எல்லோரையும் முந்தி நிற்கிறார்.

எவ்வளவு பேசினாலும் குரல் தாழ்த்தப்படும் பொருள் ஒன்று உண்டு: அது மனை. 2001இல் இணைய நிறுவனங்கள் சரிந்து அமெரிக்க வாய்ப்புகள் அருகியபோது, விசா கிடைக்காமல் தங்கிவிட்டவர்களுக்குப் போனவர்கள் ஆறுதல் கூறினர். ஆறுதல் பெற்றவர்களோ நாவலூரிலும் சிறுசேரியிலும் பழைய மாமல்லபுரம் சாலை விலையேறுமுன் 2,400 சதுர அடி கொண்ட கிரவுண்டு கணக்கில் மனை வாங்கிப் போட்டனர். ஆறுதல் கூறியவர்கள் 30 ஆண்டுத் தவணைக் கடனில் வாங்கிய வீட்டின் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் குழுவில் பகிரும் படத்தில் சிவந்த மேப்பிள் மரம் இருக்கும், அம்மரத்தின் இலைகளைப் பைபையாக வாரிக் கட்டும் வீட்டுக்காரர் இருக்கமாட்டார். சென்னைத் தோழர்களும் தலைவாழை விருந்தைத்தான் படமெடுக்கின்றனர், வேளச்சேரி நெரிசலை அல்ல என்பதால் கணக்கு நேராகிவிடுகிறது. இதனை எழுதும் தோழர் எவ்வரிசையில் நிற்கிறார், எங்கு மனை வாங்கத் தவறினார் என்பவை இவ்விளக்கத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

இறுதியாக ஒரு விண்ணப்பம். விழாவுக்கென அச்சிடப்படும் டி-ஷர்ட்டுகளுக்கு அமெரிக்கத் தோழர்கள் பணம் அனுப்பிவிட்டமையால், அவற்றை ஜனவரியில் இப்பக்கம் வருவோர் எவரேனும் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். படிவத்தில் அவர்கள் குறித்துள்ள மீடியம் என்னும் அளவு 2001ஆம் ஆண்டுத் தரவை அடிப்படையாகக் கொண்டது. அதனைக் குழுவில் விவாதத்துக்கு விடாமல் எக்ஸ்எல் எனத் திருத்தி அச்சகத்துக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இங்ஙனம்,
எடிசன் நகரத்து வகுப்புத் தோழர்