மூக்கில்லா லோரியும் மருமவன் கட்டுற மாளிகையும்

ஏண்டா மருமவனே, உங்கம்மா போன் பண்ணி ஒரே அழுவ. "அண்ணே, கொண்டோ வீட்ட வாடகைக்கு விட்டுட்டு லோரியில குடும்பம் நடத்தப் போறானாம், நீயாச்சும் புத்தி சொல்லு"ங்குறா. காலம் பூரா ஸ்டேரிங் புடிச்சவன் கிட்ட வந்து லோரி வேணாம்னு சொல்லச் சொன்னா நான் என்னத்தச் சொல்றது? அதனால நான் உன் கட்சி. தாராளமா வாங்கு. மாமன் தடுத்தான்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது.

எனக்கு இதுல ஒரு சின்னச் சந்தேகம் மட்டும். தோட்டத்துல ரப்பரச் சாய்ச்சிட்டு செம்பனை போட்டப்ப, எங்கள லயத்த காலி பண்ணச் சொன்னாங்க. அம்மி, ஆட்டுக்கல்லு, கோழிக்கூண்டு, சாய்வு நாற்காலியில எங்காத்தா, எல்லாம் ஒரே லோரியில ஏறி இந்த ஜெலாப்பாங்குக்கு வந்து சேந்துச்சு. வழியெல்லாம் பாத்தவன் "ஐயோ பாவம்"னான். இப்ப நீ அதையே பேங்க்குல கடன் வாங்கிச் செய்யப் போற. பாக்குறவன் லைக் போடுறான். நல்ல முன்னேற்றம்லா.

சரி, விஷயத்துக்கு வருவோம். பட்டறைக்குப் பின்னாடி லாலாங் புல்லுல ஒண்ணு நிக்குதுன்னு படம் காட்டினியே, அது பெட்ஃபோர்டு டி.கே. வெள்ளக்காரன் வண்டி, 1960 வாக்குல வந்தது. மூக்கில்லா லோரி. மத்த மூக்கில்லா லோரிங்க, இசுசூ, ஹினோ எல்லாம், டிரைவர் சீட்டுக்கு அடியில எஞ்சின வச்சிருக்கும். தலைய முன்னாடி கவுத்தாத்தான் கண்ணுல படும். டி.கே. வேற மாதிரி. எஞ்சின் சீட்டுக்குப் பின்னாடி உக்காந்திருக்கும். கதவுக்குப் பின்னாடி, ரெண்டு பக்கமும் ஒரு தகரமூடி. அதத் தூக்கினா எண்ணெய் பாக்கலாம், பெல்ட்டு பாக்கலாம், மழையில நனையவும் செய்யலாம். மதியானத்துல ஈப்போ ட்ராஃபிக்ல மாட்டினா சீட்டு தோசைக்கல்லாட்டம் காயும். உன் பொண்டாட்டிக்கு முன்சீட்டுன்னு ஆசை காட்டி வச்சிருக்கியே, இத முன்னாடியே சொல்லிடு.

நீ போட்ட வீட்டுப் பிளான்ல அழகா ஒரு வழி வரஞ்சிருக்க. ஓட்டிக்கிட்டே இருக்கும்போது பின்னாடி எந்திரிச்சுப் போயி நாசி லெமாக் எடுத்துட்டு வர்றதுக்காம். டி.கே.யில அந்த வழிக்கு நடுவுல எஞ்சின் இருக்கு; அது மேல ஏறித்தான் போவணும். சரி, இசுசூ வாங்குறேம்பே. அதுல தலை கவுறணும், பின்னாடி வீடு கவுறக்கூடாது. ரெண்டுக்கும் நடுவுல வழி வெட்டினா, மடிப்பு மடிப்பா ரப்பர் வச்சு, வேணுங்குறப்ப கழட்டுற மாதிரி இணைக்கணும். அது இல்லாம ஆணி அடிச்சு ஒட்டிட்டேன்னா, ஃபேன் பெல்ட்டு அந்து போன அன்னிக்கு நீ வீட்டையே இடிக்கணும். இன்னொண்ணு. தலையக் கவுக்கும்போது டேஷ்போர்டுல வச்ச சாமி படம், தண்ணி போத்தல், சீப்பு, அத்தனையும் முன்கண்ணாடியில போய் விழும். முருகனக் கையில எடுத்து வச்சிட்டுத்தான் ஃபோர்மேனக் கூப்பிடணும்.

அமெரிக்காக்காரன் செய்யலியான்னு கேப்ப. செஞ்சான். அவன் கதை வேற. அங்க ஒரு காலத்துல லோரியும் ட்ரெய்லரும் சேத்து மொத்த நீளம் இவ்வளவுதான்னு பல மாநிலத்துல சட்டம். மூக்க அறுத்தா அந்த அளவு சரக்கு கூட ஏத்தலாம்னு மூக்கில்லா லோரியா வாங்கிக் குவிச்சான். 1982-ல வந்த மத்தியச் சட்டம், பெரிய ரோட்டுல ட்ரெய்லர் நீளத்த மட்டும் கணக்குப் பண்ணினாப் போதும்னு மாத்திடுச்சு. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நீட்டு மூக்குக்குப் போயிட்டான். வேல போன பழைய லோரிய சல்லிசா வாங்கி, பின்னாடி வீடு கட்டினவனும் உண்டு. இங்க நமக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. ரோடு குறுகல், தாமான் சந்து அதவிடக் குறுகல். மூக்கில்லாத லோரி சட்டுனு திரும்பும், அதனால நம்ம ஊருல அது இன்னிக்கு வரைக்கும் சோறு போடுது. விக்கிறவனும் சும்மா குடுக்க மாட்டான்.

நம்ம ஆளுங்கள்ல உதாரணம் வேணுமா? ஆந்திராவுல என்.டி.ராமாராவ் 1982-ல கட்சி ஆரம்பிச்சாரு. ஒரு பழைய செவர்லே வண்டியத் தேருமாதிரி மாத்தி, சைதன்ய ரதம்னு பேரு வச்சு, ஊரூரா சுத்தினாரு. மேல நின்னு பேச்சு, வழியில எங்கயாச்சும் சாப்பாடு, தூக்கம். மகன் ஹரிகிருஷ்ணா ஸ்டேரிங்ல. 1983 ஜனவரியில முதலமைச்சர் ஆயிட்டாரு. உனக்கு அந்த மாதிரி உத்தேசம் ஏதும் இருந்தா இப்பவே சொல்லிடு, புந்தோங்ல நாலு ஓட்டு நான் பாத்துக்குறேன். இல்லேன்னா உனக்குக் கெடைக்கப் போறது சமான்தான்.

ஏன்னா காகிதம்னு ஒண்ணு இருக்கு. சரக்கு வண்டின்னு பதிஞ்ச லோரியில சோபாவும் கட்டிலும் போட்டா அது தானா வீடாயிடாது. உருவத்த மாத்துறதுக்கு முன்னாடி ஜே.பி.ஜே. அனுமதி, அப்புறம் புஸ்பாகோம் பரிசோதனை. நீ என்னடான்னா மெத்தை உறைக்குத் துணி செலக்ட் பண்ணிட்ட. லைசென்ஸ எடுத்துப் பாத்தியா? 'டி' லைசென்ஸு, சரக்கில்லாத எடை 3,500 கிலோ வரைக்கும்தான். அதுக்கு மேல போனா 'ஈ' எடுக்கணும். அங்க உன் வயசுல பாதி இருக்குற பையனுங்களோட வரிசையில நிக்கணும்.

அந்த எடைதான் நான் உன்னக் கேக்கணும்னு நெனச்சது. பிளான்ல 200 லிட்டர் தண்ணித் தொட்டி போட்டிருக்க. அது 200 கிலோ, அதாவது நாலு மூட்ட சிமெண்டு. கூட ஐஸ்பெட்டி, ஏர்கோன், பேட்டரி, கேஸ் தோங், உங்கத்தை குடுக்கப் போற ஊறுகா ஜாடி. சரக்கு லோரிக்குப் போற வழிக்குத்தான் பாரம். இறக்கிட்டா ஸ்பிரிங்குக்கு ஓய்வு. நீ கட்டுற வீடு தூங்கும்போதும் அது முதுகுல உக்காந்திருக்கும். தொட்டிய ரெண்டு அச்சுக்கும் நடுவுல, தாழ்வா வை. வண்டிக் கடைசியில, பின்பம்பருக்கு மேல வச்சேன்னா, மேட்டுல ஏறுறப்ப ஸ்டேரிங் லேசாயிடும், நீயும் லேசா வேர்ப்ப.

மேட்டுல ஏறுறதாவது பரவாயில்ல, எறங்குறத நெனச்சுப் பாரு. நம்ம ஜெலாப்பாங் டோல் உனக்கு ஞாபகம் இருக்கா? கோலகங்சார் பக்கமிருந்து வர்ற நெடுஞ்சாலை, மெனோரா சுரங்கத்தத் தாண்டி நீளமா எறங்கி வரும். அந்த எறக்கத்துக்கு அடியில கொண்டு வந்து டோல் சாவடி கட்டினாங்க. பிரேக்கு புடிக்காத கனரக வண்டிங்க வந்து அதுல இடிச்சது எத்தனை. கடைசியில 2009-ல டோலையே எடுத்துட்டாங்க. நம்மாளு டிரைவருக்குப் புத்தி சொல்லிப் பாத்து, முடியாம கட்டடத்துக்குப் புத்தி சொல்லிட்டான்.

அங்க இடிச்சவன்ல பல பேரு கால் பிரேக்கத்தான் நம்பியிருப்பான். பெரும்பாரம், நீள எறக்கம், காலு பெடல விட்டு எடுக்கல. டிரம்மு சூடேறும், லைனிங் வழுக்கும், அப்புறம் பெடல் தரை வரைக்கும் போனாலும் வண்டி கேக்காது. ஏறுறப்ப எந்த கியரோ எறங்குறப்பவும் அந்த கியரு. எஞ்சின் புடிக்கட்டும், பிரேக்கு இடையில இடையில உதவட்டும். அந்தப் பழைய வண்டியில எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கான்னு பாரு. இல்லேன்னா, சிம்பாங் பூலாய் வழியா கேமரன் மலைக்குப் போய் மூடுபனியில தே தாரே குடிக்கிற திட்டத்தக் கொஞ்சம் ஆறப்போடு. லூமுட் கடற்கரை சமதரை. அங்கயும் தே கெடைக்கும்.

நீ எழுதிக் காட்டின செலவுக் கணக்க நானும் பாத்தேன். அலமாரிக்கு ஒரு தொகை, உள்ள எரியுற கலர் லைட்டுக்கு ஒரு தொகை, ஜன்னல் திரைக்குக்கூட ஒரு தொகை. பிரேக்குக்கு எழுதின இடத்துல "பாத்துக்கலாம்"னு இருக்கு. அந்தத் தாள திருப்பிப் பிடிச்சு கீழயிருந்து செலவு பண்ணுடா. பிரேக்கு, டயரு, ஸ்டேரிங் மூட்டு, அப்புறம் ஒயரிங்கு. மிச்சம் இருந்தா திரைச்சீலை. மிச்சம் இல்லேன்னா உங்கத்தையோட பழைய கைலி இருக்கு.

டயருன்னதும் ஞாபகம் வருது. இந்த மாதிரி வண்டி மாசத்துல ரெண்டு நாள் ஓடும், மிச்ச நாள் ஒரே எடத்துல நின்னு அக்கம்பக்கத்துக்காரன் வயித்தெரிச்சல வாங்கும். டயரு பூ தேயாது, ஆனா ரப்பருக்கு வயசாகும். பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும். 2314-ன்னா 2014-ல இருபத்திமூணாவது வாரம் செஞ்சது. பூவெல்லாம் அழகா இருக்கேன்னு மயங்காம அதப் படி. ரிங் போட்ட பழைய சக்கரமா இருந்தா, கூண்டு வச்சிருக்கிற டயர் கடையில மட்டும் காத்தடி. அந்த ரிங் தெறிச்சா ஆளு தப்பாது.

கக்கூஸ் பத்தி நான் வாயத் தொறக்கல. தொட்டி நெறஞ்சா எங்க கொட்டுவேன்னு உங்கத்தை கேக்கச் சொன்னா, அவ்வளவுதான்.

நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வா, ரெண்டு பேருமா வண்டியப் பாத்துட்டு வருவோம். விக்கிறவனுக்கு நாம வர்றத முன்கூட்டிச் சொல்லாத. எஞ்சின் மேல கைய வச்சுப் பாப்பேன். சில்லுன்னு இருந்தா சாவியப் போடச் சொல்லு, ஆறின எஞ்சின் எப்படிக் கெளம்புது, என்ன கலர்ல பொகை விடுதுன்னு பாப்போம். சூடா இருந்தா, நமக்கு முன்னாடியே அவன் எழுப்பி வச்சிட்டான்னு அர்த்தம், விலையே கேக்காத. நேரா புந்தோங்குக்கு வண்டிய விடு, கச்சாங் பூத்தே வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போவோம். காசு நீ குடு.