கெடுத்துப் பாத்தியாலே?

ஏலே பேராண்டி, இங்கன வா. பிரவுசர் டெஸ்டுக்கெல்லாம் ஏஐ மாட்டிட்டேன்னு ஆபீஸ் பூரா தண்டோரா போட்டியாமே? நல்லது. என்னத்தப் பாக்கச் சொல்லி மாட்டுனே?

கார்ட்டுல 450 ரூவா வருதான்னு பாக்கவா? கூறுகெட்டவனே! மாட்டுப் பல்லை எண்ணுததுக்கு யாராச்சும் ஜோசியக்காரனைக் கூப்பிடுவானா? அதுக்கு ஒத்த வரி அசர்ஷன் போதும்லா. அது நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு சொல்லாது. ஒவ்வொரு தடவையும் காசும் கேக்காது. நீ புதுசா கொண்டாந்திருக்கது ஒரே படத்தைக் காலைல பாஸுங்கும், சாயந்திரம் ஃபெயிலுங்கும்.

ஏற்கெனவே ஆடுத டெஸ்டுக்கு என்ன பஞ்சம்? செலினியம் 2004-ல வந்துச்சு. அன்னையிலேருந்து இந்த அழுகைதான். 2016-ல கூகுள்காரனே வாயைத் திறந்து சொன்னான், தங்கிட்ட இருக்க டெஸ்டுல நூத்துக்கு 16 கிட்ட கொஞ்சமாச்சும் ஃப்ளேக்கின்னு. அம்புட்டுப் பெரிய இடத்துலயே அந்தக் கதி. நீ உள்ள ஆட்டத்தை நிறுத்தாம, மேல இன்னொண்ணை ஏத்துதே. ஸ்லைடுல மட்டும் நல்லாத்தான் இருக்கு!

வேண்டாம்னு நான் சொல்லலைலே. பிளேரைட்டுல 'டு பி விசிபிள்'னு ஒண்ணு இருக்குல்லா? ஒபாசிட்டி சைபரா இருந்து, மனுசக் கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாட்டியும் 'தெரியுது'ன்னு சொல்லிரும். விலைமேல குக்கி பேனர் ஏறி உக்காந்திருந்தாலும் அதுக்குக் கவலை கிடையாது. தமிழ் எழுத்து கட்டம் கட்டமா கெடந்தாலும், உள்ள இருக்க டெக்ஸ்ட் ஒத்துப்போச்சுன்னா பச்சைதான். அங்கனதான் ஒரு கண்ணு வேணும். ஸ்கிரீன்ஷாட்டைக் குடுத்துக் கேளு. ஆனா 'பக்கம் நல்லாருக்கா'ன்னு கேக்காத, பொண்ணு பாக்கப் போன சித்தப்பன் மாதிரி 'அருமை'ன்னுட்டுப் போயிரும். 'விலை எதுக்காச்சும் அடியில மறைஞ்சிருக்கா, ஆமாவா இல்லையா'ன்னு கேளு. அந்தப் படத்துல வாடிக்கைக்காரன் போன் நம்பர் கெடக்கான்னும் பாத்துட்டு அனுப்பு.

அப்புறம் இன்னொரு சவடால் கேள்விப்பட்டேன். லொக்கேட்டர் மாறிப்போச்சுன்னா ஏஐயே தானா சரிபண்ணிக்குமாம்! எவனோ பணம் கட்டுத பட்டனைத் தெரியாமத் தூக்கிட்டான்னு வையி. இது பக்கத்துல கெடக்க 'பிறகு கட்டலாம்' பட்டனை அமுக்கிட்டு, 'சரியாயிட்டு'ங்கும். என்னலே சரியாச்சு? கடை மூடிக் கெடக்கு, டெஸ்ட் மட்டும் சிரிக்கி. மாத்தணும்னா எழுதி நீட்டட்டும். நீ படிச்சுப் பாத்து மெர்ஜ் பண்ணு. அதுக்குத்தானே சம்பளம்?

சரி, ஒண்ணு சொல்லு. பட்டனை நீயே மறைச்சு, விலையைப் பாதியா வெட்டி, பக்கத்தை வேணும்னே கெடுத்து ஓட்டுனியா? அப்ப செவப்பு வந்துச்சா?

என்னலே முழிக்கே?