வண்டி புதையாத வித்தகர்

1956 நவம்பர் 1-இல் வகுக்கப்பட்ட மாநில எல்லையில் கேரளப் பக்கம் நின்றுவிட்ட காரோடு வட்டாரத்தில், ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் துலாவர்ஷம் என ஆண்டுக்கு இருமுறை மழைக்காலம் வருவதால், ரப்பர் தோட்டங்களுக்கு ஊடே செல்லும் செம்மண் பாதைகளை நம்பி ஒரு மனித வகை செழித்து வளர்கிறது. கரண்டும் கழிவறையும் இல்லாத இடமாகத் தேடிச் சென்று கூடாரமடித்துத் தங்கும் இளைஞர்களோடு இவ்வகையினரும் செல்வர்; கூடாரமடிக்க அன்று, ஜீப்பு சேற்றில் புதையாமல் காக்க.

பாதை தொடங்குமிடத்திலேயே வண்டியை நிறுத்தச் செய்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வித்தகர் குடைக்கம்பால் சேற்றைக் குத்தி ஆழம் பார்ப்பார். வெட்டுகல், அதாவது இரும்பு ஆக்சைடால் சிவந்து, வெட்டியெடுத்தபின் வெயிலிலும் காற்றிலும் இறுகும் நிலப்படிவம், அடியில் இருந்தால் மேலே வழுக்கினாலும் வண்டி தாங்கும் என்பதும், வயலோரக் களிமண்ணுக்கு அடியே கிடையாது என்பதும் அவர் கொள்கை. அடுத்து டயரில் காற்றைக் குறைக்கச் சொல்வார். காற்று குறைந்த டயர் அகன்று பதிவதால் பாரம் பரவிப் புதைவது குறையும் என்னும் விளக்கம் முற்றிலும் சரியே. திரும்பக் காற்றடிக்கப் பம்பு வேண்டும் என்பது மட்டும் நான்கு டயரும் தொய்ந்த பிறகே அவர் நினைவுக்கு வரும்.

டிஃபரன்ஷியல், அதாவது வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட வேகமாகச் சுழல வழிவிடும் பல்சக்கரத் தொகுதி, சேற்றில் பிடிப்பிழந்த சக்கரத்தையே சுழலவிட்டுப் பிடிப்புள்ளதைச் சும்மா நிறுத்திவைக்கும் (கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தோர்க்கு இது புதிதன்று) என்றும், ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி தன் குழியைத் தானே தோண்டும் என்றும் அவர் விரித்துரைக்கும் நேரத்தில், இளைஞர்கள் சக்கரத்தடியில் இடுவதற்கென்று கதம்பையை, அதாவது உரித்த தேங்காய் மட்டையை, இரண்டு சாக்கு நிரப்பியிருப்பர். மழையோ விரிவுரைக்குக் காத்திராது. காலையில் பால்காரரின் மொபெட்டு போய்வந்த பாதை, அவர் பேசி முடிப்பதற்குள் அவருடைய கொள்கைகளுக்கு ஏற்பக் குழைந்திருக்கும்.

இறுதியில் கூடாரம், கேரளத்தின் முதல் கான்கிரீட் தேசிய நெடுஞ்சாலைப் பகுதியான முக்கோலை–காரோடு புறவழிச்சாலைக்கு அருகே, லாரி வெளிச்சம் விட்டுவிட்டு அடிக்கும் ஒரு மேட்டில் எழும்பும். நனைந்த கதம்பை எரியாமல் புகைய, கட்டன்சாயா கொதிக்க மறுக்க, வித்தகர் மட்டும் எழுந்து சென்று, அவசரத்தில் பின்னோக்கி எடுக்க நேரக்கூடாது என்பதற்காக, ஜீப்பைச் சாலையை நோக்கித் திருப்பி நிறுத்தச் சொல்லி, மிச்சமிருந்த நான்கு கதம்பைகளைச் சக்கரத்துக்கு ஒன்றாகச் செருகிவிட்டு வருவார்.