திருத்தமும் சீர்திருத்தமும்: இணுவில் வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

'சீர்திருத்தம்' என்ற சொல்லுக்கு அகராதிகள் பொருள் சொல்லிவிட்டன. அதை யார் யாரைப் பார்த்துச் சொல்வது என்பதை மட்டும் விட்டுவிட்டன. அக்குறையை நீக்க எழுந்ததே இக்கட்டுரை. ஆய்வுக்களம் இணுவில்: யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியில் தாவடி கழிந்து, மருதனார்மடம் வருமுன் உள்ள ஊர். களத்தேர்வுக்குக் காரணங்கள் இரண்டு. தவில் மேதை தட்சிணாமூர்த்தியைத் தந்த ஊர் என்பதால், சீர் பிசகினால் இங்கே காதே கண்டுபிடித்துவிடும் என்பது ஒன்று. மற்றது யாழ்ப்பாண வழக்கு. சென்னையில் சைக்கிள் ரிப்பேருக்குப் போகும். இணுவிலில் சைக்கிளைத் திருத்தக் குடுப்பார்கள். வீடு திருத்துவார்கள், வீதி திருத்துவார்கள், திருத்தவேலை என்று அறிவித்து மின்சாரத்தை நிறுத்துவார்கள், வாத்தியார் விடைத்தாள் திருத்துவார். ஆக, 'திருத்தம்' இங்கே நாளும் புழங்கித் தேய்ந்த காசு. 'சீர்திருத்தம்' பெட்டகத்துப் பட்டு. மேடைக்கு மட்டும் வெளியே வரும். முன்னால் ஒரு 'சீர்' ஏறியதும் சொல்லுக்கு என்ன நேர்கிறது என்பதே நம் வினா.

முதற் சான்று இலக்கணத்தில் கிடைக்கிறது. 'திருத்து' பிறவினை; அதன் தன்வினை 'திருந்து'. "உவன் திருந்தமாட்டான்" என்ற வாக்கியம் கேட்காத வீடு ஊரில் இராது. 'சீர்திருத்து' என்பதற்கோ பேச்சில் தன்வினையே இல்லை. "நான் போன வரியம் சீர்திருந்திப்போட்டன்" என்று எவரும் சொல்வதில்லை. சொன்னால் வீட்டார் கவலைப்படுவார்கள். பழைய எழுத்தில் 'சீர்திருந்திய தேசங்கள்' என்று வருமே எனப் புலவர்கள் மறுக்கக்கூடும். வரும்தான். ஆனால் அங்கேயும் சீர்திருந்தியது கடலுக்கு அப்பாலுள்ள தேசம்; எழுதியவரின் வீடல்ல. ஆகவே சீர்திருத்தம் என்பது ஒருவர் இன்னொருவருக்குச் செய்வது, தனக்குத்தானே ஒருபோதும் செய்துகொள்ளாதது என்பது முதல் முடிபு.

இரண்டாஞ் சான்று வரலாறு. அரசியலமைப்பை 'அரசியல் யாப்பு' என்றும் சொல்லும் இலங்கைத் தமிழருக்கு, யாப்பு என்றால் சீர் முக்கியம் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1917இல் இலங்கைச் சீர்திருத்தக் கழகத்துக்குத் தலைமை தாங்கி, எங்கள் ஆட்சியில் எங்களுக்குப் பங்கு வேண்டும் என்று கேட்டவர் பொன்னம்பலம் அருணாசலம். 1920இல் வந்ததற்குப் பெயர் மனிங் சீர்திருத்தம், தேசாதிபதியின் பெயரால். அதற்கு முன் 1910இல் வந்தது குறூ-மக்கலம் சீர்திருத்தம், மக்கலமும் தேசாதிபதிதான். மனிங் திருத்தியது நாலு வருசம் ஓடியது. 1924இல் மனிங்கே மறுபடி திருத்தினார். அதுவும் காணாமல் 1931இல் டொனமூர் யாப்பு வந்தது. திருத்தப்பட்டது யாருடைய வாழ்வோ அவருடைய பெயர் இவற்றில் ஒன்றிலும் இல்லை. சைக்கிள் கடையில் இந்த அநியாயம் நடப்பதில்லை. யார் திருத்தினாலும் சைக்கிள் சொந்தக்காரருடையதே.

அந்தக் கடையில் என்ன நடக்கிறது என்பதையும் கிட்ட நின்று பார்ப்பது ஆய்வு ஒழுக்கம். நெளிந்த சில்லை நேராக்க வேண்டும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிட்டு, சில்லைச் சுழற்றி, றிம்முக்குப் பக்கத்தில் விரலை அசையாமல் பிடிக்கிறார் திருத்துகிறவர். எந்த இடம் விரலில் உரசுகிறதோ அங்கே நெளிவு. ஒரு பக்கத்துக் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பியை அதேயளவு இறுக்குகிறார். மறுபடி சுழற்றுகிறார், மறுபடி விரல். இறுக்குவதை மட்டும் செய்தால் கம்பி அறும் அல்லது றிம் இன்னொரு பக்கம் நெளியும். சொந்தக்காரர் வந்து ஓடிப் பார்த்து, "இன்னும் உரசுது" என்றால் வேலை முடியவில்லை என்று பொருள். சீர்திருத்தத்தில் இல்லாத நான்கு இதில் உண்டு: கேட்டு வந்தவர், காட்டிய பிழை, எடுக்க வரும் நாள், ஓடிப் பார்க்கும் உரிமை.

சமூகம் சைக்கிளா என்று கேட்பார் உண்டு. இல்லைதான், சைக்கிளை நிறுத்தி வைத்துத் திருத்தலாம், சமூகத்தை ஓட ஓடத்தான் திருத்த வேண்டும். அதனாலேயே உரசுகிற இடத்தைக் கேட்டறிவது இன்னும் அவசியமாகிறது. தமிழ்நாட்டில் தம்பதியர் தாமே விரும்பிச் செய்வதல்லவா சீர்திருத்தத் திருமணம் என்ற கேள்வி கனமானது. இவ்வாய்வின் எல்லை தாவடியைத் தாண்டாது என்பதே அதற்கு நம் பதில். அதனிலும் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது: வதைபட்டவர்களே கேட்ட சீர்திருத்தங்கள் இல்லையா? உண்டு. ஆனால் அவர்கள் அதை அப்பெயரால் அழைக்கவில்லை. அதே வீதிவழியே வடக்கே போனால் வரும் மாவிட்டபுரத்தில், 1968இல் சாதியின் பேரால் கோயில் வாசலில் மறிக்கப்பட்டு நின்றவர்கள் கேட்டது ஆலயப் பிரவேசம். 1957இல் வந்த சட்டத்தின் பெயரும் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம். வெளியே நின்றவருக்கு அது உரிமை. உள்ளே நின்றவர்தான் அதைச் சீர்திருத்தம் என்றார். வாசல் தன்னுடையது என்று அவர் நினைத்திருந்தார்.

ஆகவே வாசகருக்கு இவ்வாய்வின் பரிந்துரை ஒன்றே. இனி எவராவது மேடையில் ஏறிச் சீர்திருத்தம் என்றால், சைக்கிள் கடையில் கேட்கும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: "ஆற்றை சைக்கிள்? எப்ப வந்து எடுக்கலாம்?"